கிழங்கு நோய்க்கு மண்ணிலேயே காவல்



பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய பழனிமலைக் கிராமங்களில் உருளைக்கிழங்குச் செடி செழித்திருக்கக் கண்டு மகிழ்ந்த குடியானவர், தோண்டும்போது கிழங்கிற் சொறியும் கரும்பொருக்கும் கண்டு மனம் சோர்வதுண்டு. இலைக் கருகலுக்கு மருந்து தெளிக்கலாம். மண்ணுக்குள் கிழங்கைப் பற்றும் நோய்க்குத் தெளிப்பான் எட்டாது. அங்கே மண்ணில் வாழும் நல்லுயிர்களைத்தான் நாம் துணைக்கு அழைத்தல் வேண்டும்.

இக்கருத்து புதிதன்று, உருளைக்கிழங்கு வயலிலேயே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். பசுந்தாள் மடக்கி உழுத நிலத்திற் சொறி நோய் குறைவதற்குக் காரணம், மட்கும் தழையிற் பெருகும் நுண்ணுயிர்கள் சொறிக் கிருமியை அடக்குவதே என்று 1926இல் கனடா நாட்டுச் சான்ஃபோர்டு கருத்துரைத்தார். 1932இல் அமெரிக்காவில் வெயின்ட்லிங் என்பார், டிரைக்கோடெர்மா என்னும் பூசணம் ரைசாக்டோனியா என்னும் பூசணத்தைச் சுற்றிப் பிணைந்து அழிப்பதை எடுத்துக்காட்டினார். நம் கிழங்கில் மண் ஒட்டியதுபோல் தோன்றிக் கழுவினாலும் போகாத கரும்பொருக்கு, இந்த ரைசாக்டோனியாவின் வேலையே. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவோ மண்ணின் இரும்புச் சத்தைத் தன்வசப்படுத்தி, நோய்க் கிருமியைப் பட்டினி போடுகிறது.

ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸ் பொடியை 50 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத்துடன் கலந்து, ஈரமுள்ள மண்ணில் இடலாம். இது உப்பு உரம் போன்றதன்று, உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலும், நாட்பட விட்டாலும் மடிந்துவிடும். பூசணக்கொல்லி மருந்துடன் கலந்தால் காசு கொடுத்து வாங்கியதை நாமே கொன்றவராவோம். தொழுவுரமற்ற வறண்ட மண்ணில் இட்டுவிட்டுப் பயனில்லை என்பதும் நியாயமன்று. சொறி கண்ட நிலத்தில் மண் பரிசோதனை செய்யாமற் சுண்ணாம்பு இடலாகாது. புளிப்பு குறையின் சொறி மிகும்.

பழுப்பு அழுகலுக்கு இவை மட்டும் போதா. வாடிய செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், பால்போன்ற இழை இறங்கும்; அதுவே அந்நோயின் அடையாளம். அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டா; பூண்டு, கோசு, காரட் என மாற்றிப் பயிரிடலாம். விதைக்கிழங்கை அறுக்கும் கத்தியே நோயைப் பரப்புமாதலால், சிறு கிழங்கை முழுதாக நடுதல் நலம்.

விதை எங்கிருந்து வருகிறதென்று பாராமல் வாங்குவதிலும் பேராபத்து உண்டு. 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு பின்னர் கொடைக்கானல் மலையிலும் காணப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும் இப்புழுவின் பொருட்டே, இமாசலப் பிரதேசம் முதலிய வடக்கு மலைப் பகுதிகளின் விதைக்கிழங்கு வெளியே செல்வதை மத்திய அரசு 2018இல் தடை செய்தது.

இனிப் பஞ்சாயத்தின் பங்கு. மேல் அடுக்கு நிலத்தில் ஒருவர் ஓடையில் எறிந்த அழுகற் கிழங்கு, கீழ் அடுக்குக்காரரின் பாசன நீரைக் கெடுக்கிறது. தனி விவசாயி எத்துணைக் கவனமாயிருந்தும் இதனைத் தடுக்க இயலாது. ஆகவே அடுத்த நடவுக்கு முன்னரே, ஓடைக்கு எட்டத்தில் கழிவுக் கிழங்குக் குழிகளுக்கு இடம் குறித்து, ஓடையில் எறிவதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் இயற்றுமாறு வேண்டுகிறோம்.