கப்பலில் ஒலித்த நம் பெயர்

 

மறைந்தவரின் நினைவாகக் கூடியிருக்கும் நாம் மரணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மரணம் எல்லோருக்கும் பொது என்பார்கள். சாவு பொதுதான், சுடுகாடு பொது இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவோடு அந்தோன் செகாவின் ‘குசேவ்’ சிறுகதையை இன்று வாசிப்போம்.

செகாவின் தாத்தா பண்ணையடிமை. 1841இல் பணம் கட்டித் தன் குடும்பத்தை மீட்டவர். பேரன் 1890இல் கைதிகளின் தீவான சகாலினுக்குப் போய், அங்கிருந்தவர்களைக் குடிசை குடிசையாகக் கணக்கெடுத்தார். கடல் வழியாகத் திரும்புகையில், கப்பலில் இறந்த இருவரைக் கடலில் வீசியதைக் கண்டார். பிறகு இலங்கையில் இறங்கினார். கதை அங்கேதான் கருக்கொண்டது என்று அவரே கடிதத்தில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் அது அச்சானது.

குசேவ் ஒரு விவசாயி. தூரக்கிழக்கில் ஐந்தாண்டுகள் அதிகாரியின் எடுபிடியாக இருந்துவிட்டு, நோய் முற்றி ஊர் திரும்புகிறான். கண்ணை மூடினால் பனியும் குளமும் உடன்பிறந்தவனின் பிள்ளைகளும். பக்கத்தில் பாவெல் இவானிச். அவனும் சாகக் கிடக்கிறான். ஆனால் அவனுக்கு எல்லாம் விளங்கும். சாகப்போகிற சிப்பாய்களைத் தலைமுழுகுவதற்காக, நல்ல உடம்புக்காரர்களின் கூட்டத்தோடு சேர்த்துக் கப்பலேற்றிவிடுகிறார்கள் என்று உடைத்துச் சொல்கிறான். தானே எதிர்ப்பின் வடிவம் என்கிறான்.

அந்த வாயிலிருந்துதான் ஒரு சொல் வருகிறது. குசேவ் போன்றவர்களைப் பார்த்து, ‘பரியாக்கள்’ என்கிறான். ‘பறையர்’ என்ற நம் மக்களின் பெயர் ஐரோப்பியர் வாயில் ‘பரியா’ ஆகி, ரஷ்யா வரை போய்ச் சேர்ந்த வசை அது. அநியாயத்தைத் தெளிவாகக் கண்டவனுக்கு, அநியாயத்துக்கு ஆளானவனைக் குறிக்க நம் பெயர்தான் கிடைத்தது. அவன் கோபம் மேலே பார்க்கிறது. அவன் இளக்காரம் கீழே பார்க்கிறது.

குசேவையும் செகாவ் புனிதனாக்கவில்லை. முற்றத்துக்குள் வந்த நான்கு சீனர்களைக் காரணமின்றி அடித்தவன் அவன். மிதிபட்டவனுக்கும் மிதிக்க ஒருவன் வேண்டியிருக்கிறது. இதைத்தான் பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்று நமக்கு விளக்கினார். கப்பலிலும் அந்த ஏணி இருக்கிறது.

முதலில் பாவெல் சாகிறான். பிறகு குசேவ். பேசியவனுக்கும் பேசாதவனுக்கும் ஒரே கடல். பேசிப் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பாவெல் சொன்ன உண்மை உண்மைதான். பக்கத்துப் படுக்கைக்காரனோடு சேராத உண்மை இருவரையும் காப்பாற்றவில்லை என்றே நாம் வாசிக்கிறோம்.

கடலில் போடுவதைப் பற்றிக் குசேவ் இருக்கும் இடத்தில் பேச்சு வருகிறது. மண்ணில் கிடந்தால் அம்மா வந்து அழுவாள் என்று அந்தப் பேச்சில் வருகிறது. பெரிய ஆசையா அது? செகாவ் இறங்கிய இலங்கையின் மலைத் தோட்டங்களில் அன்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் காலராவில் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களின் அம்மாக்கள் எந்த மண்ணில் போய் அழுதிருப்பார்கள்?

ஊரிலேயே செத்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். குசேவைப் பாய்த்துணியில் தைத்துப் பலகையிலிருந்து சரித்தார்கள். அங்கே சுற்றிலும் கடல், வேறு மண் இல்லை. இங்கே மண் இருந்தது. வழிவிட மனம் இல்லை.

வீட்டுக்கு எழுதவில்லை, தான் செத்தால் அவர்களுக்குத் தெரியாது என்கிறான் குசேவ். கப்பல் பதிவேட்டில் குறிப்பார்கள், ஒடெஸாவில் நகல் கொடுப்பார்கள் என்று பதில் வருகிறது. நம் முன்னோர் பலருக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. மாணவ நண்பர்களே, மலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை உங்கள் சேரிக் கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். தோழர்களே, சுடுகாட்டுப் பாதை எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே வேலைதான். எழுதுகிறவரும் போராடுகிறவரும் ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பார்க்காமல் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.