பிள்ளைகளுக்கு எழுதுகிறவரின் நாள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்கு என்றுதான் நம் மேடையில் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு குழந்தைகளுக்கு எழுதுவதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது, இது இப்போது அவசியமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதை மனதில் வைத்துக்கொண்டே பேசுகிறோம்.

தமிழில் குழந்தை எழுத்தாளர் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் வாயில் வருகிற பெயர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் 1922இல் பிறந்தவர். இந்தியன் வங்கியில் வேலை. பகலெல்லாம் கணக்கு, மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு. இரண்டாயிரத்துக்கு மேல் எழுதினார் என்பார்கள். அதோடு நிற்காமல் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கி நடத்தினார். இது சின்ன வேலை இல்லை. நம் தெருப் பிள்ளைகளும் பாலர் பள்ளியில் அவர் பாட்டைப் பாடித்தான் எழுத்துக்குள் வந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்துச் சிறுவர் பத்திரிகைகளைப் புரட்டினால் நமக்கு ஒன்று தட்டுப்படுகிறது. கதையில் ஒரு வீடு இருக்கும். பாட்டிக்குக் கதை சொல்ல ஓய்வு இருக்கும். பிள்ளைக்குச் சாயங்காலம் முழுக்க விளையாட்டு இருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சாதி மட்டும் இருக்காது. சாதியே தெரியாமல் வளர முடிகிற பிள்ளை எந்தத் தெருப் பிள்ளை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் பாட்டிகள் கதை சொல்லாதவர்களா? சொன்னார்கள். புளி உடைத்துக்கொண்டே சொன்னார்கள். நத்தம் சாலையில் இருபக்கமும் மாந்தோப்பு, புளியந்தோப்பு. மாசி, பங்குனியில் கிலோக் கணக்கில் புளி வீட்டுக்கு வந்து இறங்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கூலி. பள்ளி விட்டு வந்த பிள்ளையும் அதில்தான் உட்காரும். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கதை சொன்னாள்: எடுத்துப் போட்ட கொட்டையெல்லாம் ராத்திரி எழுந்து மறுபடி புளிக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது, காலையில் அம்மா முதலிலிருந்து தொடங்குகிறாள். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் நாங்கள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பாமாவைச் சொல்ல வேண்டும். 1992இல் வந்த 'கருக்கு' சிறுவர் நூல் அல்ல. ஆனால் அதில் ஒரு சிறுமியின் கண் இருக்கிறது. நம் ஆள், வயதில் பெரியவர், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்தச் சிறுமிக்கு அது வேடிக்கை. சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவர் ஏன் அப்படித் தூக்கிப் போனார் என்பதை அண்ணன் சொன்ன பிறகுதான் கோபம் வருகிறது. முதலில் சிரிப்பு, அப்புறம் கோபம். இந்த வரிசையை மாற்றி எழுதியிருந்தால் அது பிரசங்கமாகிப் போயிருக்கும். பாமா பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். ஒங்கூரில் நம் பிள்ளைகளோடு காலம் கழித்தவர். பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள், எந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள் என்பது வகுப்பறையில் நின்றவருக்குத் தெரியும்.

அண்ணலும் ஒரு பிள்ளைக் கதை எழுதியிருக்கிறார். அப்படி அதை நாம் வாசித்ததில்லை, அவ்வளவுதான். 1901. அவருக்கு ஒன்பது வயதிருக்கும். கோரேகாவில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க அண்ணனும், அக்கா பிள்ளைகளும், அவரும் ரயிலேறுகிறார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்றதும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். இரட்டைக் கூலி தந்தும் வண்டிக்காரர் ஏறி ஓட்டமாட்டேன் என்கிறார். பிள்ளைகளே மாட்டைப் பிடித்து ஓட்ட, அவர் நடந்து வருகிறார். கூடையில் சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லி உருதுவில் கேட்டும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பசியோடு படுக்கிறார்கள்.

பயணம், புதுச் சட்டை, மாட்டு வண்டி, இருட்டு. ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. இதை நாம் மேடையில் சான்றாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வதில்லை. நவயானா பதிப்பகம் 2011இல் 'பீமாயணம்' என்று சித்திர நூலாகக் கொண்டுவந்தது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். மீனும் மயிலும் மரமுமாகத் தண்ணீரையும் தாகத்தையும் அவர்கள் வரைந்ததைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் பக்கத்தைத் திருப்பும்.

எழுதுகிறவர் பெரியவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் இல்லை. முக்தா சால்வே, மாங் சாதிப் பெண். சாவித்திரிபாய் புலே நடத்திய பள்ளியில் படித்தவள். மாங்குகளும் மகர்களும் படும் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சானது. அவளுக்கு வயது பதினான்கு.

இனி, அவசியமா என்ற கேள்விக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் கையில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு எத்தனை வயதில் கைக்கு வருகிறது? அந்த வயதுக்குள் அந்தப் பிள்ளைக்கு யார் என்ன கதை சொன்னார்கள்? விஷ்ணுபுரம் சரவணன் இதையே எடுத்துக்கொண்டு 'கயிறு' என்று சின்னஞ்சிறு நூல் ஒன்றைப் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறார். அதை நம் தெருவில் மட்டும் படித்தால் போதாது. கயிறு கட்டும் தெருவில்தான் முதலில் படிக்க வேண்டும். அங்கே அதைக் கொண்டுபோகிற ஆசிரியர் யார் என்று தேடுவது நம் வேலை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத நேரம் இல்லை என்கிறீர்கள். காலேஜ் பஸ், பகுதிநேர வேலை, வீட்டில் ஆடு. தெரியும். வள்ளியப்பாவுக்கு வங்கி இருந்தது, பாமாவுக்குப் பள்ளி இருந்தது. கோவில்பட்டி உதயசங்கர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துகொண்டே எழுதியவர். 2023இல் 'ஆதனின் பொம்மை'க்காகச் சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பெற்றார். (மசூர் ஸ்டேஷன் மாஸ்டரை நினைத்துக்கொண்டால் இது கொஞ்சம் ஆறுதல்.)

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் எழுந்து ஓடுகிறார்களோ அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பு வட்டம் வழக்கம்போல் உண்டு. புளிக்கொட்டைக் கதையை அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை. அம்மா ஒரு ராத்திரி தூங்காமல் காவல் இருக்கப் போகிறாள் என்பது வரை வந்திருக்கிறது.