‘ஹேர்’ நாடகம்: பூங்காவில் இலவசம், கொட்டகையில் நூறு டாலர்

(ஆலைப்பகுதிப் படிப்பகம் ஒன்றில், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் கூட்டம் கலைந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்பின்னிங் இலாகாத் தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அமெரிக்காவில் துணியில்லாமல் நின்று ஆடினார்களாமே ஒரு நாடகம், அதை யுத்த எதிர்ப்பு நாடகம் என்று வேறு சொல்கிறார்களே, இதென்ன கூத்து?” என்றார். கூட நின்ற வயல் வேலைத் தோழர், “நமக்கெதற்கு அந்தக் கதை? கூலி விஷயம் பேசுங்கள்” என்றார். கூலி விஷயம் அடுத்த வாரம் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கூத்தைப் பற்றியே பேசுகிறேன். ஏனென்றால் அதற்குள் ஒரு யுத்தம் இருக்கிறது. தொழிலாளி வர்க்கம் இடறி விழுந்த ஓர் இடமும் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நியூயார்க் போனவனல்ல. எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாடகத்தைப் படித்தேன். 2009ல் வெளியான பாட்டுத் தொகுப்பைக் கேட்டேன். 1979ல் மிலோஸ் ஃபார்மன் எடுத்த சினிமாவைப் பார்த்தேன். பார்த்தவர்கள் எழுதியதையும் படித்தேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சு.

நாடகத்தின் பெயர் ‘ஹேர்’. தலைமுடி என்று பொருள். எழுதியவர்கள் ஜேம்ஸ் ராடோ, ஜெரோம் ராக்னி என்ற இரண்டு நடிகர்கள். இசை கால்ட் மக்டெர்மாட். கனடாக்காரர், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் படித்தவர், ஆப்பிரிக்க மக்களின் தாளத்தை அங்கே காதில் வாங்கிக்கொண்டவர். 1967 அக்டோபரில் நியூயார்க்கில் முதலில் மேடையேறியது. வியத்நாமில் அமெரிக்கா குண்டு மழை பொழிந்துகொண்டிருந்த நேரம் அது.

தலைமுடிக்கு ஒரு நாடகமா என்று சிரிக்காதீர்கள். பட்டாளத்தில் ஒருவனைச் சேர்த்தால் முதல் வேலை என்ன? தலையை ஒட்ட வெட்டுவது. அன்றைய அமெரிக்க வாலிபன் முடியை வளர்த்துக்கொண்டு தெருவில் நடந்தால், உன் பட்டாளத்துக்கு நான் வரமாட்டேன் என்று வாயைத் திறக்காமல் சொன்னதாக அர்த்தம். போலீஸ்காரனுக்கும் அது விளங்கியது, பெற்ற தகப்பனுக்கும் விளங்கியது. அதனால்தான் அத்தனை ஆத்திரம்.

கதை பெரிதல்ல. கிளாட் புக்கோவ்ஸ்கி என்று ஒரு பையன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்தவன். சாதாரணக் குடும்பம். ஆனால் தான் இங்கிலாந்தில் மான்செஸ்டர்க்காரன் என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுடைய சிநேகிதன் பெர்கர், பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவன். ஷீலா என்ற கல்லூரி மாணவி, யுத்த எதிர்ப்புக் கிளர்ச்சியில் முன் நிற்பவள். ஹட் என்ற கறுப்பின வாலிபன். இப்படி ஒரு கூட்டம். கிளாடுக்குப் பட்டாளத்திலிருந்து ஓலை வருகிறது. போவதா, மறுப்பதா? நாடகம் முழுவதும் அந்த ஒரே கேள்விதான்.

அன்று அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் இருந்தது. வயது வந்த வாலிபன் ஒவ்வொருவனிடமும் ஒரு பதிவு அட்டை இருக்கவேண்டும். அதை எரித்தால் 5 வருஷம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்று 1965ல் சட்டம் செய்தார்கள். அப்படியும் எரித்தார்கள். 1964லிருந்து 1973 வரை சுமார் 22 லட்சம் வாலிபர்களை இந்தச் சட்டத்தின் கீழ்ப் பட்டாளத்துக்கு இழுத்துச் சென்றார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள்? கல்லூரியில் இடம் பிடித்தவனுக்குப் படிப்பு முடியும் வரை விலக்கு உண்டு. கல்லூரிக்குப் போகக் காசில்லாதவன் கப்பல் ஏறினான். தொழிலாளி மகன், சிறு விவசாயி மகன், கறுப்பின ஏழை மகன் போனான். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்த யுத்தத்தில் மடிந்தார்கள். வியத்நாம் தரப்பிலோ, அந்நாட்டு அரசாங்கம் 1995ல் வெளியிட்ட கணக்குப்படி, பொதுமக்கள் 20 லட்சம் வரை, போராளிகள் 11 லட்சம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நாடகம் முதல் எண்ணுக்காக அழுகிறது. இரண்டாவது எண் மேடையில் ஏறவே இல்லை.

முதல் பாகத்தின் கடைசியில் வாலிபர்கள் ஒவ்வொருவராக வந்து அட்டையைத் தீயில் போடுகிறார்கள். கிளாட் மட்டும் போட முடியாமல் பின்வாங்குகிறான். அந்தத் தோழர் கேட்ட துணியில்லாக் காட்சி இதற்கு ஒட்டித்தான் வருகிறது. மங்கிய வெளிச்சம், சில விநாடிகள்; விருப்பப்பட்ட நடிகர்கள் மட்டும். ஊர் முழுக்க அதைப் பற்றியே பேசிற்று. எரிந்த அட்டையைப் பற்றி யார் பேசினார்கள்? முதலாளிப் பத்திரிகைக்கு எது வசதியோ அதைத்தான் பெரிய எழுத்தில் போடும். டென்னஸி மாகாணத்துச் சட்டனூகா நகர நிர்வாகம் இந்த நாடகத்துக்கு மண்டபம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1975ல் அந்த மறுப்பு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அப்போது அமெரிக்கப் படையே வியத்நாமை விட்டு வெளியேறியிருந்தது.

நம் தேசத்திலிருந்தும் ஒரு சரக்கு இந்த நாடகத்தில் உண்டு. வாலிபர்கள் கூடும் காட்சியில் ஹரே கிருஷ்ணா பஜனை பாடுகிறார்கள்! வியத்நாமுக்காக நம் ஜனங்கள் தெருவில் ஊர்வலம் போனதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அவர்கள் கண்ணில் படவில்லை, பஜனை பட்டது. போகட்டும்.

இப்போது பூங்காவுக்கு வருவோம். இதை முதலில் மேடையேற்றியவர் ஜோசப் பாப். யார் இவர்? தகப்பனார் டிரங்குப் பெட்டி செய்யும் தொழிலாளி, தாயார் தையல் வேலைக்காரி. குடியேறிவந்த ஏழை யூதக் குடும்பம். புரூக்ளினில் வளர்ந்தவர். வாலிப வயதில் கம்யூனிஸ்டு இயக்கத்தில் இருந்தவர். காசில்லாதவனும் நல்ல நாடகம் பார்க்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திறந்த வெளியில், டிக்கெட் இல்லாமல் போட்டார். 1958ல் அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. நாடகத்தில் கம்யூனிஸ்டுப் பிரசாரத்தைக் கலக்கிறாயா என்று கேட்டார்கள். ஐயா, நாங்கள் போடுவது ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகம் என்றார் அவர்! சகாக்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். அவர் வேலை பார்த்த சி.பி.எஸ். ஒளிபரப்புக் கம்பெனி அவரை வெளியே தள்ளியது. தொழிற்சங்கம் தலையிட்டது, மத்தியஸ்தத்துக்குப் போனது, வேலை திரும்பக் கிடைத்தது. சங்கம் இல்லாத மனிதனாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

மறு வருஷம் இன்னொரு தடை. நகரப் பூங்காக்களின் அதிகாரி ராபர்ட் மோசஸ், ஜனங்கள் மிதித்துப் புல் அழிகிறது, ஆகவே கட்டணம் வசூலிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். புல்லுக்கு வாடகை! பாப் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். 1962ல் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 1,800 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கம் எழுந்தது. டெலகோர்ட் அரங்கம் என்று பெயர். அங்கே நுழைவு இலவசம்.

‘ஹேர்’ அந்தப் பூங்காவில் பிறக்கவில்லை. பாப்புடைய ‘பப்ளிக் தியேட்டர்’ பழைய நூலகக் கட்டிடம் ஒன்றில் திறந்தபோது அதுதான் முதல் நாடகம். சிகாகோ பணக்காரக் குடும்பத்து வாரிசு மைக்கேல் பட்லர் அதைப் பிராட்வேக்குக் கொண்டுபோனார். 1968 ஏப்ரலில் தொடங்கி 1972 ஜூலை வரை 1,750 காட்சிகள். யுத்தத்தை எதிர்த்த பாட்டு பணம் கொழிக்கும் சரக்கானது. பாப் 1991ல் காலமானார். பிறகு அவருடைய ஸ்தாபனம்தான் 2007 செப்டம்பரில் மூன்று இரவுகள் பூங்காவில் ‘ஹேர்’ பாடல்களைப் பாடவைத்துப் பார்த்தது. கூட்டம் அள்ளிக்கொண்டு வரவே, 2008 ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை முழு நாடகத்தையும் போட்டார்கள். டைரக்டர் டயேன் பாலஸ் என்ற அம்மையார்.

அந்த வருஷம் எது நடந்துகொண்டிருந்தது? ஈராக் யுத்தம். சுமார் ஒன்றரை லட்சம் அமெரிக்கப் படை அங்கே இருந்தது. செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் தொகை 2008 மார்ச்சில் 4,000ஐத் தாண்டிவிட்டது. கட்டாய சேவைச் சட்டம் 1973லேயே போய்விட்டது. இப்போது போனவன் தானாகப் போனவன் என்றார்கள். தானாகவா? வேலை இல்லாதவன், படிப்புக்குப் பணம் இல்லாதவன் போனான். ஓலை வந்து போவதற்கும் பசி வந்து போவதற்கும் உங்களில் யாருக்காவது வித்தியாசம் தெரிகிறதா? நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பையன்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். போகிறவனுடைய தாயிடம் கேட்டுப் பாருங்கள், ஆசையா, அடுப்பா என்று. அதனால்தான் 40 வருஷத்துப் பழைய நாடகம் அந்தப் பூங்காவில் பழையதாகப் படவில்லை.

விடியுமுன் வந்து பாயை விரித்துப் படுத்து ஜனங்கள் டிக்கெட்டுக்குக் காத்திருந்தார்கள். காசுக்கு விற்காத டிக்கெட். காலத்தைக் கொடுத்து வாங்குவது. எனக்கு மெத்தப் பிடித்த விஷயம் இது. ஆனால் பணக்காரன் அதிலும் வழி கண்டுபிடித்தான் பாருங்கள். கூலிக்கு ஆள் வைத்துக் கியூவில் நிற்கவைத்தான். 2010ல் வேறொரு நாடகம் அங்கே நடந்தபோது ஒரு இடத்துக்கு 125 டாலர் வரை கேட்டு விளம்பரம் வந்து, மாகாண அட்டர்னி ஜெனரல் தலையிட வேண்டியதாயிற்று.

மேடை எப்படி? கூரை இல்லை, மேலே வானம், வாத்தியக்காரர்கள் மேடையிலேயே. நடிகர்கள் ஜனங்களுக்குள் இறங்கி ஓடுகிறார்கள், தோளைத் தொடுகிறார்கள். நம் தெருக்கூத்துப் பார்த்தவனுக்கு இது அதிசயமல்ல. ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் கொட்டகைக்காரனுக்குத்தான் அதிசயம். பாலஸ் அம்மையார் செய்த நல்ல காரியம், அந்தக் காலத்து வேடிக்கை உடை, மாலை, மணி என்று கண்காட்சி வைக்காமல், கிளாடின் பயத்தை நடுவில் வைத்ததுதான். கடைசியில் அவனைக் காணோம் என்று கூட்டம் தேடுகிறது. அவன் அங்கேயேதான் நிற்கிறான், முடி வெட்டப்பட்டு, பட்டாளச் சட்டையில். சிநேகிதர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு பிணமாகக் கிடக்கிறான்.

நாடகத்தில் எனக்கு மனதைத் தைத்த இடம் வேறு. ஷீலா ஆசையாக ஒரு மஞ்சள் சட்டை வாங்கிவந்து பெர்கருக்குத் தருகிறாள். அவன் அதைக் கிழித்து எறிகிறான். அப்போது அவள் ஒரு பாட்டுப் பாடுகிறாள். ஊருக்காகக் கண்ணீர் விடுகிறவன், அநியாயத்தை எதிர்த்துக் கத்துகிறவன், பக்கத்தில் நிற்கிறவளிடம் இத்தனை கல்நெஞ்சனாக இருப்பது எப்படி என்பது அதன் சாரம். தோழர்களே, இதைக் கேட்ட அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு ஏன் ஆறிப்போயிற்று என்று தட்டைத் தள்ளியவன் நான். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்; அவளுக்குத் தெரியும்.

இனி, தொழிலாளி இடறிய இடம். இந்த நாடகத்தில் தொழிலாளி கிடையாது. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கஞ்சாவும் உண்டு. அரிசி யார் விளைவித்தது, துணி யார் நெய்தது என்று ஒருவனும் கேட்பதில்லை. வேலைக்குப் போகிறவன் அவர்கள் கண்ணுக்கு மந்தை ஆடு. இது தவறு. இந்தத் தவறை யுத்த வெறியர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1970 மே 4ந் தேதி ஒஹையோ மாகாணத்துக் கென்ட் கலாசாலையில் யுத்தத்தை எதிர்த்த கூட்டத்தின்மீது படை சுட்டு 4 மாணவர்கள் செத்தார்கள். துக்கம் கொண்டாட நியூயார்க்கில் 8ந் தேதி மாணவர்கள் கூடினார்கள். அவர்கள்மீது பாய்ந்தவர்கள் யார்? கட்டிடத் தொழிலாளர்கள்! தலையில் போட்ட பாதுகாப்புத் தொப்பியாலேயே அடித்தார்கள். சுமார் 70 பேருக்குக் காயம். அந்தக் கட்டிடத் தொழிற்சங்கங்களின் தலைவர் பீட்டர் பிரென்னன் சில வாரங்களுக்குள் வெள்ளை மாளிகைக்கு விருந்தாளி. 1973ல் நிக்சன் சர்க்காரில் தொழில் மந்திரி.

அடித்த தொழிலாளியின் மகன் வியத்நாமில் இருந்திருப்பான். அடிபட்ட மாணவன் அந்த மகனைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்டவன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு தலைமுடியைக் காட்டிச் சண்டை மூட்டிவிட்டான் எதிரி. எல்லாத் தொழிலாளிகளும் அப்படியில்லை. மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கமும், நியூயார்க் ஆஸ்பத்திரித் தொழிலாளரின் 1199 சங்கமும் ஆரம்பத்திலேயே யுத்தத்தை எதிர்த்தன. அவர்களைப் பற்றி யாரும் பாட்டு நாடகம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசிக் காட்சியிலும் எனக்கு ஒரு மனக்குறை. கிளாட் பிணமாகக் கிடந்தபின், வெளிச்சம் வரட்டும் என்று எல்லோரும் பாடுகிறார்கள். அது முடிந்ததும் பார்க்க வந்தவர்களை மேடைக்கு அழைத்து ஆடவைக்கிறார்கள். பிணம் கிடந்த பலகையில் பத்து நிமிஷத்துக்குள் ஆட்டமா? ஒரு இளம் தோழர் என்னோடு வாதாடினார்: ஜனங்களை மேடையில் ஏற்றுவது நல்லதுதானே, பார்த்துக்கொண்டே இருந்தவன் பங்காளி ஆகிறானே என்றார். பூங்காவில் அது உண்மையாக இருக்கலாம். ராத்திரி முழுக்கப் புல்லில் ஒன்றாகப் படுத்திருந்தவர்கள் ஒன்றாக ஆடினார்கள். ஆனால் 2009 மார்ச்சில் இதே நாடகம் பிராட்வேயில் ஹிர்ஷ்ஃபெல்டு கொட்டகைக்குப் போய்விட்டது. நல்ல இடத்துக்கு 100 டாலருக்கு மேல். சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி பரிசும் வாங்கியது. 100 டாலர் கொடுத்தவன் மேடையில் ஏறி ஆடிவிட்டு மோட்டாரில் வீட்டுக்குப் போனால் ஈராக்கிலிருந்து யார் திரும்பிவருவான்? அந்தத் தோழர் பதில் சொல்லவில்லை. நானும் அவரை முழுக்க மறுத்துவிட்டதாக நினைக்கவில்லை.

ஏனென்றால் அந்த நடிகர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 2009 அக்டோபர் 11ந் தேதி, ஒருபால் விருப்பம் கொண்டவர்களுக்குச் சட்டத்தில் சம உரிமை வேண்டும் என்று வாஷிங்டனில் பெரும் பேரணி. அன்று ஞாயிறு, கல்லாப்பெட்டி நிரம்பும் நாள். காட்சியை ரத்து செய்துவிட்டு நாடகக் குழுவினர் பேரணிக்குப் போனார்கள். நாடகம் 2010 ஜூன் 27ந் தேதி வரை அங்கே நடந்து நின்றது.

இரவு ஷிப்ட் தோழர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் கேள்வி இருந்தால் கேளுங்கள். முதலில் ஸ்பின்னிங் தோழர்.