வலிப்பு மாத்திரையும் உழைப்பாளியின் எலும்பும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காக்காய் வலிப்பைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. மில்லில் தெரிந்தால் வேலை போய்விடும், ஊரில் தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைக்கிறோம். இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு கல்யாணத்துக்குத் தடை என்று எழுதியிருந்தது; 1999-ல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். நோயை மறைப்பவர் மருந்தையும் மறைத்தே விழுங்குகிறார். பத்து வருஷம், பதினைந்து வருஷம் விழுங்கிய மருந்து உடம்பில் வேறு என்ன செய்கிறது என்று கேட்க நாதியில்லை. அதைத்தான் இன்று கேட்கிறோம்.

பெனிடாயின், பீனோபார்பிடோன், கார்பமசெபின் ஆகியவை பழைய மருந்துகள், விலை குறைந்தவை. வலிப்பை நன்றாகவே அடக்குகின்றன. பெனிடாயின் 1938 முதல் வலிப்புக்கு உதவி வருகிறது. ஆனால் இவை ஈரலைத் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட ஈரல், உடம்பிலுள்ள வைட்டமின் டி சத்தை வேகமாக அழிக்கிறது. அந்தச் சத்து குறைந்தால், சாப்பாட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து குடலிலேயே நின்றுவிடும், ரத்தத்தில் சேராது. ரத்தத்துக்கோ சுண்ணாம்பு இல்லாமல் முடியாது. கூலி வராத வாரத்தில் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைக்கிறோமே, அதுபோல எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் எலும்பு உளுத்துப் போகிறது. வலிப்பு உள்ளவர்களுக்கு எலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு என்று பல தேசத்து ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கீழே விழுவது ஒரு காரணம், எலும்பு மெலிவது இன்னொன்று.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது! திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வந்து உயிரையே கொண்டுபோய்விடும். மாத்திரை வேண்டும், எலும்புக்குக் காவலும் வேண்டும்.

வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும். நம் கரிசல் பூமியில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். மில்லுக்குள் பகல் ஷிப்டு பார்ப்பவர் வெயிலை எங்கே பார்க்கிறார்? ராத்திரி ஷிப்டுக்காரர் பகலெல்லாம் தூங்குகிறார். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு விடுதி, மில், மறுபடியும் விடுதி. வயலில் நிற்பவர் நிலை கொஞ்சம் மேல். திருப்பதி டாக்டர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் உழைக்கும் கிராம மக்களுக்கு டவுன்காரர்களைவிட வைட்டமின் டி அதிகமிருந்தது. ஆனாலும் போதவில்லை. அவர்கள் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அது குறைந்தால் வெயில் தந்த வைட்டமினையும் உடம்பு சீக்கிரம் செலவழித்துவிடும்.

பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கணக்குச் சொன்னது. ரேஷன் அரிசிச் சோற்றில் அது கிடைக்காது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பாலிலும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால் பால்கோவாவாகி ஊர் ஊராகப் போகிறது. அதைக் கறந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடுங்காப்பி!

இனி உடற்பயிற்சி. எலும்பு பாரம் தாங்கத் தாங்கத்தான் உறுதிப்படும். வலிப்பு உள்ளவரை நாம் என்ன செய்கிறோம்? “நீ சும்மா இரு” என்று திண்ணையில் உட்கார வைக்கிறோம். நடை, ஓட்டம், பளு தூக்குதல் இவற்றால் வலிப்பு வருவது அபூர்வம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். கிணற்றில் தனியாக நீந்துவதும், தென்னையில் ஏறுவதும்தான் கூடாது. ரிங் பிரேமைச் சுற்றி எட்டு மணி நேரம் நடப்பவருக்கு இன்னும் என்ன பயிற்சி என்று கேட்டால், கேள்வி நியாயமானது. அந்த நடையும் எலும்புக்கு நல்லதே. ஆனால் அது கூரைக்கடியில் நடக்கிற நடை; ராத்திரி ஷிப்டில் தூக்கம் கெட்டால் வலிப்பும் கூடும். சத்து இல்லாத உடம்புக்குப் பயிற்சி மட்டும் கொடுப்பது, செங்கல் இல்லாமல் கொத்தனாரை நிறுத்துவது போல.

பெய்ரூட் நகரத்து டாக்டர்கள் 2006-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களில் ஒரு பகுதியாருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் டி, மற்றவர்களுக்கு 4000 யூனிட் என்று ஒரு வருஷம் கொடுத்தார்கள். 4000 வாங்கியவர்களுக்கு எலும்பின் அடர்த்தி கூடியது. 400 வாங்கியவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே பேருக்கு ஒரு சத்து மாத்திரை போதாது. அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். கடையில் வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கினால் சிறுநீரகம் கெடும்.

எலும்பு முறிந்தவருக்குக் கட்டும் துணியைச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து தேசமெங்கும் அனுப்புகிற ஜனங்கள் நாம். முறியாமல் காக்கும்படி கேட்க நமக்கு உரிமையில்லையா? இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வலிப்பு மாத்திரை கொடுக்கும் அதே ஜன்னலில் வைட்டமின் டி, சுண்ணாம்பு மாத்திரையும் கொடுக்கவேண்டும். வருஷக்கணக்கில் சாப்பிடுபவருக்கு ரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யவேண்டும். வலிப்பு உள்ள தொழிலாளிக்கு ராத்திரி ஷிப்டு கூடாது. அதைச் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. இ.எஸ்.ஐ. இல்லாத வயல் தொழிலாளிக்கும் இவை அத்தனையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்கவேண்டும்.

இன்னொன்று. வலிப்பின் இழுப்பிலேயே, கீழே விழாமலே, முதுகெலும்பு நொறுங்குவதுண்டு. வலிப்பு வந்து போனபின் முதுகுவலி நாலைந்து நாள் நிற்காமலிருந்தால், வேலைக் களைப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், வலிப்பு வந்ததையும் சொல்லி, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.