போய் வந்தவர்கள் சொல்லும் புத்திமதி

 

தோப்பூரில் ஒருத்தி வெளிநாடு போகிறாள் என்றால், போய் வந்த ராத்தாமார் எல்லாரும் அந்த வீட்டில் கூடிவிடுவார்கள். சித்தாலேப்ப ஒரு டப்பா வை, கொச்சிக்காய்த்தூள் கட்டிக்கொள், நாலு அறபுச் சொல் பாடமாக்கு. நல்ல புத்திமதிதான். டுபாய்க்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

பக்கத்து மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார் ரிசானா நபீக். பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டில் 23. தன் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்ததற்காகக் கைதானார். விசாரித்தபோது பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கொச்சிக்காய்த்தூளைப் பற்றி அவ்வளவு பேசுகிற நாம், கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறோமா?

அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனால், அதைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்து ஒத்துப் பாருங்கள். பிள்ளைக்கு வயது குறைவு என்றால், வீட்டார் கோபித்தாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. கடவுச்சீட்டின் பிரதி ஒன்று உம்மாவிடம் இருக்கட்டும்.