ராமானுஜனின் முதல் குளிர்காலம்

காஞ்சிபுரத்து ஓரிக்கையிலிருந்து படிக்க வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கணிதமேதை ராமானுஜனும் சிறுவயதில் கொஞ்சகாலம் நம் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் போனவர்தான். அவருடைய தாத்தாவுக்கு இங்கே நீதிமன்றத்தில் வேலை.

1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்து போகச் சென்னையில் கப்பல் ஏறினார். அதற்குள் குடுமியை எடுத்தாயிற்று. கேம்பிரிட்ஜில் கணக்குக்குக் கணிதவியலாளர் ஹார்டி இருந்தார், சாப்பாட்டுக்கு? சுத்த சைவம் என்பதால் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார்.

குளிர்தான் பாடாய்ப் படுத்தியது. ராத்திரியில் மேல்கோட்டு போட்டு, சால்வை சுற்றிப் படுத்தும் நடுக்கம் தீரவில்லை. பின்னாளில் புள்ளியியலில் பெரும்பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ராத்திரி குளிருகிறதா என்று ராமானுஜனிடம் விசாரித்தவர், கட்டிலையும் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன! ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். ராமானுஜன் அந்த விரிப்புக்கு அடியில், கம்பளிகளின்மேல் படுத்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுப்பதை மகலனோபிஸ் செய்துகாட்டினார்.

இந்தக் கதையில் எனக்கு மகலனோபிஸை ரொம்பப் பிடிக்கும். கேட்டதோடு நிற்காமல், கட்டில்வரை போய்ப் பார்த்தாரே!