கியூவும் நூலும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும் என்று தொடங்கினால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். ஆகவே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் கூடி ஒரு நாடகத்தை உருவாக்கும்போது தங்களுக்குள் என்ன சொற்களை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள்? வசனத்தைச் சொல்லவில்லை. ஒத்திகையிலே ஒருவரை ஒருவர் நிறுத்தவும் நகர்த்தவும் திருத்தவும் வைத்திருக்கிற சொற்களைச் சொல்கிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னே வேறொரு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினேன். அப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு நாடகப் பட்டறைக்குப் போய் வந்திருந்தேன். வாயைத் திறந்தால் 'பிளாக்கிங்', 'கியூ', 'புரொஜெக்‌ஷன்'தான். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றார்கள். நானும் புரிந்துவிட்டதென்று நம்பிக்கொண்டேன். தூதுவன் வேடம் போட்ட பையனிடம், "உன் கியூ வர்ற வரைக்கும் திரைக்குப் பின்னால நில்லு" என்று சொல்லி வைத்திருந்தேன். விழா அன்று அரசர் இரண்டு தடவை "யாரங்கே!" என்று கூப்பிட்டார். தூதுவனைக் காணோம். பின்னால் ஓடிப் பார்த்தால், அடுத்த நடனத்துக்கு வரிசை பிடித்து நின்ற பெண்பிள்ளைகளுக்குப் பின்னே, கையில் ஓலையோடு கடைசி ஆளாக நிற்கிறான்! "கியூ இன்னும் நகரல சார்" என்றான். கேன்டீனிலே நிற்கிற வரிசைக்கும் கியூ என்றுதானே பெயர்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கும் மண்டபமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மறுவாரம் ஒத்திகைக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எனக்கு மண்டையில ஏறாது சார், வேற ஆளப் பாத்துக்குங்க" என்றான். பத்து வயதுப் பிள்ளை தன்னை முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். முட்டாள்தனம் செய்தவன் நான்.

ஆங்கிலச் சொல் என்பதற்காக நான் வருந்தவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த நாடகங்கள்தான் அதற்கு அடிப்படை. நடிகர்களைத் தனித்தனியாக ஏற்பாடு செய்வார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. முன்பின் பார்த்திராத இரண்டு பேர் அன்றிரவே வள்ளியாகவும் முருகனாகவும் நின்று விடிய விடிய நடிப்பார்கள். எப்படி முடிகிறது? ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று சொன்னாலே போதும். யார் எப்போது வரவேண்டும், எங்கே பாட்டு, எங்கே தர்க்கம் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். 'பார்ட்'டும் 'பபூ'னும் இங்கிலீஷ்தானே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உழைத்து உழைத்துத் தங்கள் சொல்லாக்கிக்கொண்டார்கள். என் 'கியூ' அப்படி வரவில்லை. அது என் ஒருவன் பையிலே இருந்த சொல்.

அந்தப் பையன் வராமல் போன பிறகுதான் மற்ற பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டேன். "ஒருத்தர் பேசி முடிக்கிற கடைசிச் சொல்லைப் பிடிச்சுத்தான் அடுத்தவர் ஆரம்பிக்கணும். அதுக்கு நாம என்ன பேர் வைக்கலாம்?" ஒரு பெண்பிள்ளை, அவளுடைய அம்மா பூக்கட்டி விற்பவர், "நூலு சார்" என்றாள். அன்றிலிருந்து 'நூல் குடு', 'நூல் அறுந்துபோச்சு' என்பதுதான் எங்கள் பாஷை. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வலது, இடது. "வலப்பக்கம் போ" என்றால் நடிப்பவரின் வலமா, பார்ப்பவரின் வலமா? இரண்டு பிள்ளைகள் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியது. ஆங்கில மேடையில் நடிகரின் வலம்தான் வலம். எங்கள் பிள்ளைகளோ 'கேன்டீன் பக்கம்', 'ரோட்டுப் பக்கம்' என்று வைத்துக்கொண்டார்கள். போட்டிக்காக வேறு மண்டபம் போனபோதும் அதே பேர்தான், அங்கே கேன்டீனே இல்லை! இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பாரிஸ் நகரத்துப் பெரிய நாடகக் குழுவான கொமெடி பிரான்சேஸ் 1770இல் துய்லெரி அரண்மனை அரங்கத்துக்குக் குடிபோனது. அங்கே ஒரு பக்கம் முற்றம், மறுபக்கம் தோட்டம். இன்றைக்கும் பிரெஞ்சு மேடைக்காரர்கள் 'முற்றத்துப் பக்கம்', 'தோட்டத்துப் பக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். பூச்செடி ஒன்றுகூட இல்லாத அரங்கத்திலும் அப்படித்தான்.

அசையாமல் நிற்பதற்கு எங்கள் சொல் 'கல்லு'. அகலிகை கதையிலிருந்து பிள்ளைகள் எடுத்தது.

எல்லாம் நன்றாகப் போகிறதென்று நினைத்தேன். மறு ஆண்டு தோட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு மாணவி மாறி வந்தாள். "நூல் குடு" என்று யாரோ கத்த, பாவம், அவள் சுற்றுமுற்றும் நூலைத் தேடினாள். போன வருஷம் அழுத பிள்ளைகள் இந்த வருஷம் சிரித்தார்கள். நம்மைச் சேர்த்து வைத்த சொல்லே இன்னொருவருக்குக் கதவை மூடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது சிங்கப்பூரில் 1988இல் அரங்கேறிய ஒரு நாடகம். பூனையைத் தேடிப் போகும் ஓர் அம்மாவின் கதை. நாடகாசிரியர் குவோ பாவ் குன் (1939–2002) அதைத் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. நடிகர்களோடு பட்டறையிலே சேர்ந்து உருவாக்கினார். மாண்டரின், ஆங்கிலம், ஹொக்கியன், தமிழ் என்று பல மொழிகள் அதிலே கலந்து வரும். இத்தனை மொழிக்காரர்கள் கூடுகிற ஒத்திகையிலே அகராதி எத்தனை தூரம் உதவும்? அந்த அம்மா பேசுவது ஹொக்கியன். பெற்ற பிள்ளைகள் வேறு மொழிகளுக்குப் போய்விட்டார்கள். சொந்த வீட்டிலேயே அவளுக்குச் சொல் இல்லை. வெளியே ஒரு தமிழ்க் கிழவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடுகிறார். அவர் தமிழ் அவளுக்குத் தெரியாது, அவள் ஹொக்கியன் அவருக்குத் தெரியாது. சைகையாலேயே இருவரும் புரிந்துகொள்கிறார்கள். வீட்டிலே கிடைக்காதது வீதியிலே கிடைக்கிறது.

இதே குவோ, தி. சசிதரனோடு சேர்ந்து 2000இல் ஒரு நடிப்புப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே கேரளத்துக் கூடியாட்டம், ஜப்பானிய நோ, பீக்கிங் இசைநாடகம், ஜாவாவின் வாயாங் வோங் நான்கையும் மாணவர்கள் பயின்றார்கள். நோ நடிகர் நிற்கும் நிலைக்குக் 'கமாயே' என்று பெயர். பீக்கிங் நாடகத்தில் பாத்திரம் சட்டென்று அசையாமல் நின்று தன்னைக் காட்டுவது 'லியாங்சியாங்', எங்கள் 'கல்லு'க்கு அண்ணன் முறை. இவற்றை எல்லாம் உடம்பால் செய்து பார்க்காமல் கற்க முடியாது. நாங்களும் அப்படியே ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக வந்தவருக்குச் சொல்லை விளக்கக் கூடாது. கூட நின்று செய்து காட்ட வேண்டும். சிரித்தவர்தான் காட்ட வேண்டும்.

தூதுவன் பையன் அந்த ஆண்டுதான் திரும்பி வந்தான். மேடைக்கு வரமாட்டேன், திரை இழுக்கிறேன் என்றான். சரி என்றேன். இரண்டாவது வாரம் என்னிடம் வந்து, "சார், எல்லாத்துக்கும் பேர் வச்சிட்டீங்க. புரியலன்னா என்னா சொல்றது?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'புரியவில்லை' என்று தமிழிலே சொல் இல்லாமலா போய்விட்டது? ஆனால் எந்தப் பிள்ளையும் அதை வாத்தியாரிடம் சொல்வதில்லையே! பூக்காரம்மா மகள்தான் யோசித்துச் சொன்னாள்: "மொட்டுன்னு வைக்கலாம் சார். இன்னும் விரியலன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு ஒத்திகையிலே ஒரு நாளைக்குப் பத்து 'மொட்டு' விழுந்தது. நேரம் இழுத்தது, உண்மைதான். நானே இரண்டு மூன்று தடவை 'மொட்டு' சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை உங்கள் பள்ளி நாடகக் குழுவின் ஒத்திகையைப் பார்த்தேன். இங்கே 'நூல்' இல்லை. பந்து விளையாடுகிற பிள்ளைகள், 'பாஸ்' என்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. புரியாவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடகப் பொறுப்பாசிரியை அவர்களே, அடுத்த ஒத்திகையைத் தொடங்குமுன் அந்த ஒரு சொல்லைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.